உங்கள் குரலைக் கேட்டோம்

கடிதம் அப்படித்தான் தொடங்கியது.
காது கேட்கும் கருவி செய்கிறவர்கள்
வேறெப்படித் தொடங்குவார்கள்.

பிப்ரவரியில் ஓர் இரவு, நாங்கள் தூங்கும்போது
கருவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் 'கூட்டம்' என்ற பொத்தானின் மேல்
சின்னதாக ஒரு பூட்டு.
நூறு பேர் பேசும் இடத்தில்
எதிரில் இருப்பவர் குரலை மட்டும்
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
பொறுக்கித் தரும் பொத்தான் அது.
இனி அதற்கு மாதம் நாற்பத்தொன்பது ஸ்லோட்டி.
வாங்கிய அன்று கொட்டிக் கொடுத்தது தனி.

க்டீனியாவின் கப்பல்தளத்தில்
பதினேழு வருடம் இரும்புத் தகடுகளின் நடுவே நின்று
செவியைக் கொடுத்தேன்.
டொப்ரோஸ்லாவும் கொடுத்தான்,
வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

மார்ச் மழையில் அவர்களின் அலுவலகத்தின் முன் கூடினோம்.
முந்நூறு பேர் இருக்கும்.
கோஷம் போட்டால் யார் குரல் யாருக்குச் சேரும்?
ஃபெலிட்ஸ்யா என்றொரு பள்ளி ஆசிரியை
கருவியைக் கழற்றி
இரண்டு கைக்குள்ளும் பொத்திக் காட்டினாள்.
பொத்தினால் அது விசிலடிக்கும்.
எல்லோரும் கழற்றினோம். எல்லோரும் பொத்தினோம்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
அன்று ஊதியது செவிடர்கள்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
உள்ளங்கையில் ஒரு நடுக்கம்,
பிடிபட்ட வண்டுபோல, அவ்வளவுதான்.
நாய்கள் குரைப்பதைப் பார்த்தோம்.
காவலர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு
காதைப் பொத்துவதைப் பார்த்தோம்.
நான்காம் மாடியில் ஜன்னல்கள்
ஒவ்வொன்றாக மூடிக்கொள்வதைப் பார்த்தோம்.
தொப்பி சொட்டச் சொட்ட
டொப்ரோஸ்லாவ் சிரிப்பதை நான் பார்த்தேன்.
அத்தனை வருடத்தில் அப்படி அவன் சிரித்ததில்லை.

பிறகுதான் கடிதம்.
கேட்டோம். வருந்துகிறோம். நீங்கள் எங்கள் குடும்பம்.
மூன்றாவது பத்தியில் விஷயம்:
போன செப்டம்பர் ஒன்றுக்கு முன் வாங்கியவர்களுக்கு
பூட்டு அவிழ்க்கப்படும்.
மற்றவர்களுக்குச் சலுகை விலை, முப்பத்தொன்பது.

அழுத பிள்ளைக்குப் பால்.
உண்மைதான்.
அழுதவர்களை வரிசையில் நிறுத்தி
பிறந்த தேதி கேட்டுப் பால் வார்த்தார்கள்.

நான் ஆகஸ்டில் வாங்கியவள்.
அவன் வாங்கியது செப்டம்பர் மூன்று.
ஒன்றாம் தேதி ஞாயிறு;
திங்களன்றுதான் சம்பளம் விழுந்தது.

மறுபடி கூடலாம், வரும் சனிக்கிழமை, என்று
ஃபெலிட்ஸ்யாவிடமிருந்து செய்தி வந்தது.
அவளும் ஆகஸ்டுக்காரிதான்.
எனக்கு அன்று துணி துவைக்க இருந்தது.
இருபத்திரண்டு பேர் போனதாகக் கேள்வி.
இப்போதெல்லாம் எனக்குக் கேள்வி துல்லியம்.

வெள்ளிக்கிழமை மதியம்
மலிவுச் சாப்பாட்டுக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.
தட்டுகள், தட்டு அடுக்கும் பெண்,
வரிசை எண்ணைக் கூவும் ஆள்.
நான் பொத்தானை அழுத்தினேன்.
எல்லாம் தூரம் போனது.
அவன் பீட்ரூட் சூப்பை உறிஞ்சும் சத்தம் மட்டும்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"பாதியாவது திருப்பித் தந்தார்களே" என்றேன்.
"என்ன?"
"பாதியாவது தந்தார்களே என்கிறேன்."
"என்ன, கோர்துலா?"
கரண்டியை வைத்துவிட்டு
காதோரம் கையைக் குவித்துக்கொண்டு
மேசையின் பாதிவரை குனிந்தான்.
மழையில் பொத்திய அதே கை.

மூன்றாம் முறை சொல்ல வாய் திறந்தேன்.
சில வாக்கியங்கள் இரண்டு முறைதான் தாங்கும்.

"உப்பு" என்றேன்.

உதட்டைப் படித்துவிட்டான்.
முகம் மலர
உடனே எடுத்துக் கொடுத்தான்.